மிதவை வேலிக்கு ஒரு முடிச்சு

இழுவைப் படகு ஓட்டிய சவரிராயனுக்கு ஐம்பத்தாறாவது வயதில் ஒரு குரு வாய்த்தாள். பெயர் இன்பவல்லி, வயது முப்பத்தொன்று. கடலில் கொட்டிய எண்ணெய் எந்தப் பக்கம் போகும் என்று முன்கூட்டியே சொல்வது அவள் வேலை. அந்த வித்தையைப் பிடித்துவிட வேண்டும் என்று இவர் அவள் பின்னாலேயே சுற்றினார்.

வித்தைக்கு முன்னால் குரல்தான் பிடிபட்டது. "நீரோட்டம் முழுசா, காத்துல நூத்துக்கு மூணு பங்கு, ரெண்டையும் கூட்டிக்குங்க அண்ணே" என்று மூக்கைச் சுருக்கி இவர் சொன்னால் படகுக்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். ஒருநாள் அவளே பின்னால் நின்று கேட்டுவிட்டு, மூக்கு இன்னும் கொஞ்சம் சுருங்க வேண்டும் என்று திருத்திவிட்டுப் போனாள்.

மாசி மாதம் ஒரு கப்பல் தரைதட்டி எண்ணெய் கொட்டியது. கரையில் இரண்டு முகத்துவாரங்கள். வடக்கே நண்டு பிடித்துப் பிழைக்கும் நூறு குடும்பங்கள். தெற்கே இறால் பண்ணைகள். எண்ணெயை மறிக்கிற மிதவை வேலி இருந்ததோ ஒன்றே ஒன்று.

காலை எட்டு மணிக்குக் குரு கணக்குப் போட்டாள்.

"தெற்கு."

சந்தேகமில்லையே என்றார். இல்லை என்றாள். அது போதாதா இவருக்கு? புயலே வந்தாலும் அசையாதபடி தெற்கு முகத்துவாரத்தில் வேலியை முடிச்சு மேல் முடிச்சாக இறுக்கிவிட்டு, மீசையைத் தடவிக்கொண்டார்.

பதினொரு மணிக்கு வாடை நின்று தென்கிழக்குக் காற்று எழுந்தது. எண்ணெய்ப் படலத்தை விமானத்திலிருந்து பார்த்தவர்கள் படம் அனுப்பினார்கள். குரு மறுபடி கணக்குப் போட்டாள்.

"வடக்கு."

அதே குரல். அதே உறுதி.

முடிச்சு அவிழவில்லை. நகம் பிய்ந்ததுதான் மிச்சம். கடைசியில் தன் முடிச்சைத் தானே கத்தியால் அறுத்தார். வேலியை வடக்கே இழுத்து வந்தபோது எண்ணெயின் கறுப்பு கண்ணுக்கே தெரிந்தது. கரையில் நின்ற நண்டுக்காரி ஒருத்தி, என்ன, கல்யாணத்துக்கு மாலை கட்டி முடித்தாயிற்றா என்று கேட்டாள்.

அக்கரை முனையைச் சவரிராயன் பழையபடி முடிச்சு மேல் முடிச்சாகக் கட்டினார். இக்கரை முனையை இன்பவல்லியே வாங்கி, ஒரு சுருக்குப் போட்டாள். பாரம் விழுந்தால் இறுகும். வாலை இழுத்தால் அவிழும்.

எண்ணெய் வந்து வேலியில் மோதி நின்றது. உள்ளே ஒரு சொட்டுக்கூட இல்லை.

திரும்பி வந்த சவரிராயனுக்கு அந்தச் சுருக்கைப் பார்த்ததும் பொறுக்கவில்லை.

"காலைல தெற்குன்னு அடிச்சுச் சொன்னீங்க. இப்ப வடக்குன்னு அதே மாதிரி அடிச்சுச் சொல்றீங்க. உங்க கணக்குல உங்களுக்கு நம்பிக்கை இருக்கா இல்லையாம்மா?"

"முழுசா இருக்கு அண்ணே."

"அப்புறம் எதுக்கு, இழுத்தா அவிழுற முடிச்சு?"

அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"ரெண்டு மணிக்கு அடுத்த கணக்கு."

சவரிராயன் படகை அக்கரைக்குத் திருப்பினார்.