மணியை அடிப்பதற்கு முன்

டாக்டர் செண்பகவல்லிக்கு அறுவை சிகிச்சை மேல்படிப்பில் இடம் கிடைத்தது. போகவில்லை. இந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்து உட்கார்ந்துவிட்டார். மருத்துவக் கல்லூரியில் இதை இன்னும் பேய்க் கதை மாதிரி சொல்கிறார்கள்.

பயிற்சிக்கு வந்த திருமாறனுக்கு அது ஏன் என்று தெரியாவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருந்தது. எதைப் படிப்பது என்று அவனும் சீக்கிரம் முடிவு செய்தாக வேண்டும். வந்ததுமே கேட்டுவிட்டான்.

“ஏன் மேடம் சர்ஜரியை விட்டீங்க?”

“மழை வர்ற மாதிரி இருக்கு. கூட்டம் சேர்றதுக்குள்ள ஆரம்பிச்சிடுவோம்,” என்றார் அவர்.

இதெல்லாம் ஒரு பதிலா? திருமாறன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தான். ஒன்று மட்டும் விசித்திரமாகப் பட்டது. நோயாளி எழுந்த பிறகும் டாக்டர் அடுத்தவரைக் கூப்பிட மணி அடிக்கமாட்டார். எழுந்தவர் வாசலைத் தாண்டிப் போன பிறகுதான் அடிப்பார். வெளியே ஜனம் முணுமுணுக்கும்.

“எழுந்ததுமே அடிச்சா நேரம் மிச்சமாகுமே மேடம்?”

“ஆகும்,” என்றார். “இப்ப நீங்க உட்காருங்க.” எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தார்.

பையன் ஜோராகத்தான் பார்த்தான். காய்ச்சல், சளி, சொறி என்று வரிசை மளமளவென்று நகர்ந்தது. மரகதம் என்ற அம்மாள் முட்டி வலி என்று வந்தார். காலை மடக்கி நீட்டிப் பார்த்தான். முட்டிக்கு உடற்பயிற்சி சொல்லிக் கொடுத்தான். மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கள் என்று மறக்காமல் சொன்னான். அவர் எழுந்தார், இவன் மணியை அடித்தான்.

மரகதம் வாசலில் திரும்பி நின்றார். “தம்பி, அப்புறம் வந்து...”

அதற்குள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒருவர் உள்ளே வந்துவிட்டார்.

“சரி, ஒண்ணுமில்ல,” என்று மரகதம் போய்விட்டார்.

“அந்தம்மா என்ன சொல்ல வந்தாங்க?” என்று கேட்டார் டாக்டர்.

“ஒண்ணுமில்லன்னு சொன்னாங்களே மேடம்.”

“அது எனக்கும் கேட்டுச்சு. அதுக்கு முன்னாடி?”

திருமாறனுக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பதே அவனைக் குடைய ஆரம்பித்தது. என்னவாக இருக்கும்? குழந்தையின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தான், ஒன்றும் காதில் ஏறவில்லை.

“குழந்தையை நான் பாத்துக்கறேன்,” என்றார் டாக்டர்.

தூறலில் பஸ் ஸ்டாப் வரைக்கும் ஓடினான். மரகதம் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

“ஏதோ சொல்ல வந்தீங்களேம்மா.”

“அட, அதுக்கா இப்படி நனைஞ்சுகிட்டு ஓடியாந்தே? ஒண்ணுமில்ல சாமி. நீ போ.”

அவன் போகவில்லை. பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தான். பஸ் வந்தது. மரகதம் பஸ்ஸைப் பார்த்தார், இவனைப் பார்த்தார்.

“ஏறும்மா! ஏறலையா? ரைட், போகலாம்!” என்றார் கண்டக்டர். பஸ் போய்விட்டது.

“மாருல ஒரு கட்டி,” என்றார் மரகதம். “ஆடி மாசமே பாத்தேன். வலிக்கல. யார்கிட்டச் சொல்றது? நீ ஆம்பளப் புள்ள, உன்கிட்ட எப்படிச் சொல்றது?” அவர் அழ ஆரம்பித்தார்.

இவ்வளவையும் வைத்துக்கொண்டா இந்த அம்மாள் முட்டியைக் காட்டினார்?

“மேடம்கிட்டச் சொல்லுங்கம்மா. நானும் வர்றேன்,” என்றான்.

செண்பகவல்லி மரகதத்தைத் திரைக்குப் பின்னால் வைத்து நிதானமாகப் பார்த்தார். பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுப் பேசினார்.

“பயந்துக்காதீங்க மரகதம். என்னன்னு டெஸ்ட் பண்ணித்தான் சொல்ல முடியும். ஆனா கை மீறிப் போகலைன்னு தோணுது. காலையில முதல் ஆளாப் போயிடுங்க, சர்ஜன் பாக்கறேன்னு சொல்லியிருக்கார்.”

மரகதம் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பினார். திருமாறனுக்கு மனசு ஆறவில்லை.

“கடைசியில காப்பாத்தப் போறது அந்த சர்ஜன்தானே மேடம்? அந்த இடத்துல நீங்களே இருந்திருக்கலாமே?”

“இருந்திருக்கலாம்,” என்றார் செண்பகவல்லி. “தன்கிட்ட வந்து சேர்ந்தவங்களை அவர் நல்லாவே பாத்துக்குவார். பஸ் ஏறிப் போயிடறவங்களை யாருப்பா பாக்கறது?”