எங்க போறிய?

மலைக் காட்டுக்குள் ஒரு கல்மண்டபம் இடிந்து கிடந்தது. அடிவாரத்தை ஒட்டி ஆசிரமம் வைத்திருந்த உலகம்மாளின் குருவுக்குக் குரு கடைசிவரை அங்கேதான் இருந்தாராம். அதை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்பது உலகம்மாளின் சீடர் பேச்சிமுத்துவின் ஆசை.

சீடர் என்றதும் இளவட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். பேச்சிமுத்து மின்வாரியத்தில் கம்பம் ஏறி ஓய்வு பெற்றவர். உலகம்மாளுக்கு அவருடைய மகள் வயதுதான். குருவை அவர் 'அம்மா' என்பார். குரு அவரை 'அண்ணாச்சி' என்பார்.

பயணத்துக்கு அவர் போட்ட திட்டத்தில் குறை சொல்ல ஏதுமில்லை. அட்டைக்கடிக்கு உப்பும் புகையிலையும், வழுக்குப் பாறைக்குக் கயிறு, வழிக்குப் புளியோதரை. வனத்துறை அனுமதி வாங்கி, வழிகாட்டிக்கும் சொல்லிவிடுவார். ஆனால் வருஷா வருஷம் கிளம்புகிற நேரத்தில் யாராவது "எங்க போறிய?" என்று கேட்டுத் தொலைப்பார்கள். புறப்பட்டவரிடம் "தூரமா?" என்றல்லவா கேட்க வேண்டும்? சகுனம் கெட்டது என்று பையை இறக்கிவிடுவார். கரண்ட் கம்பிக்கு அஞ்சாத மனிதர் இந்தக் கேள்விக்கு நடுங்கினார்.

இந்த வருஷம் முழங்கால் வேறு வலிக்க ஆரம்பித்துவிட்டது. குருவிடம் வந்தார்.

"அம்மா, யாரும் கேக்காத நேரமா ஒண்ணு சொல்லுங்க. சாரல் விழுந்தா ஓடை பெருகிரும். அடுத்த வருசம் இந்தக் கால் ஏறாது."

"வெள்ளிக்கிழமை விடியக்காலம் இங்க வாங்க. நான் வழியனுப்புதேன்."

வெள்ளிக்கிழமை தெருவைத் தொடாமல் வாய்க்கால் கரையோடு நடந்து ஆசிரமத்துக்கு வந்து சேர்ந்தார். ஒரு ஈ காக்காய்கூடக் கேட்கவில்லை. அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

வாசலில் உலகம்மாள் நின்றிருந்தார்.

"எங்க போறிய அண்ணாச்சி?"

பேச்சிமுத்துவுக்கு முகம் செத்துப்போயிற்று. பையைக் கீழே வைத்தார்.

"அம்மா... நீங்களே கேட்டுட்டியளே!"

"கேட்டா பதில் சொல்லணும்லா?"

"மலைக்கு. அந்த மண்டபத்துக்கு."

"வழி எப்படி?"

"இனி வழி எதுக்கு? எல்லாம் போச்சு."

உலகம்மாள் பையை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தார். பேச்சிமுத்து பதறிப்போய்ப் பின்னால் ஓடினார்.

"அம்மா, பையைத் தாங்க!"

"வழியச் சொல்லுங்க, தாரேன்."

வேறு வழியில்லாமல் சொல்லத் தொடங்கினார். முதலில் மூங்கில் காடு. அப்புறம் ஓடை, அதன் ஓரமாகவே ஏற்றம். ஓடை முடிகிற இடத்தில் வழுக்குப் பாறை.

"அதுல எப்படி ஏறுவிய?"

"கம்பத்துல ஏறுன கை அம்மா இது! கயித்தக் கட்டிட்டா என்ன பாறை?"

அந்த உற்சாகத்திலேயே பாறைக்கு மேலிருக்கும் புல்வெளி, அங்கே அடிக்கும் காற்று, மண்டபத்தில் இன்னும் சாயாமல் நிற்கும் ஒற்றைத் தூண் எல்லாவற்றையும் சொன்னார். பார்த்ததேயில்லை, ஆனாலும் பார்த்தவரைப் போலச் சொன்னார்.

சொல்லி முடித்தபோது காலடியில் சரளைக்கல் நெரிந்தது. எதிரே மூங்கில் காடு. அடிவாரத்துப் பாறையில் உட்கார்ந்திருந்த வழிகாட்டி எழுந்து கையசைத்தார்.

பேச்சிமுத்து திரும்பிப் பார்த்தார். ஆசிரமம் தோப்புக்கு அப்பால் மறைந்துவிட்டிருந்தது.

"அம்மா, அப்போ சகுனம்?"

உலகம்மாள் பையை அவர் தோளில் மாட்டிவிட்டார்.

"அது அங்க வாசல்லயே நின்னுட்டுது அண்ணாச்சி. நாமதான் நடந்து வந்துட்டோம்."