கை நிறைய இறகுகள்

பூவரச மரங்கள் சூழ்ந்த ஏரி அது. கோடையில் வற்றிப் போகும். நடுவில் ஒரே ஒரு மடுவில் மட்டும் தண்ணீர் நிற்கும். அந்த மடுவுக்காக நீர்நாய்களும் நரிகளும் வருஷா வருஷம் விளாங்காய் உருட்டி ஆடுவார்கள். ஜெயித்தவர்களுக்கு மழை வரும்வரை மடு சொந்தம்.

ஆட ஆள்கள் மலையிலிருந்து வருவார்கள். கொக்கு இரு தரப்புக்கும், வரும் வருஷங்களுக்கும் சேர்த்து, சமமாக இறகுகள் கொடுக்கும். ஓர் இறகுக்கு ஓர் ஆள். போன வருஷம் தோற்றவர் முதலில் எடுக்கலாம், பிறகு மாறி மாறி. இறகைக் கைமாற்றியும் கொள்ளலாம். ஆனால் ஏரியில் குடியிருப்பவர் கையில் இருந்தால்தான் அது செல்லும்.

போன வருஷம் நீர்நாய்தான் தோற்றது. மழை சீக்கிரம் வந்ததால் பிழைத்தது. இந்த வருஷம் அதற்குக் குட்டிகள் பிறந்திருந்தன.

பனி விலகாத காலையில் மலையாட்கள் இறங்கி வந்தார்கள். முன்னால் வந்தது ஒரு மான். அதன் கால் தரையில் படுகிறதா என்றே தெரியவில்லை. யாரோ கண்ட கனவு வழி தவறி வந்தது போல இருந்தது.

“அக்கா, அந்த மானை எனக்கு விட்டுடுங்க. என்னோட கடைசி ரெண்டு முறைக்கான இறகையும் தர்றேன்” என்றது நரி.

“ஒண்ணுக்கு ரெண்டா?” நீர்நாய்க்குச் சிரிப்பு வந்தது. கொடுத்துவிட்டது.

அடுத்து தன் முறையில் முயலை நரி எடுத்தது. பிறகு நீர்நாயின் முறை. கீரி முன்னால் வந்து நின்றது.

“கீரியையும் விடுங்கக்கா. அடுத்த வருஷத்து இறகு மூணு.”

“ஏய், குட்டிங்க இந்த வருஷம்தானே பொறந்திருக்கு?” என்றது நீர்நாயின் புருஷன்.

“சும்மா இருங்க. அடுத்த வருஷம் நம்மள யார் அசைக்க முடியும்?”

குரங்கும் அப்படியே போயிற்று. நீர்நாயின் கை நிறைய இறகுகள். வெயிலில் அவை மின்னின. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தது. நிமிர்ந்தபோது மரத்தடியில் மிச்சமிருந்தவர்கள் தூங்கி வழிந்த ஒரு தேவாங்கும் ஒரு நத்தையும்தான்.

“என்னையா கூப்பிட்டீங்க?” என்றது தேவாங்கு, கண்ணைத் திறக்காமல்.

ஆட்டம் வெகு நேரம் நடக்கவில்லை. மான் ஓடிய வழியில் புழுதிகூட எழவில்லை. விளாங்காய் மட்டும் தானாக உருண்டு போவது போலிருந்தது.

“அடுத்த வருஷத்து இறகையெல்லாம் குடுத்துட்டீங்களே, அண்ணே. அப்ப என்ன செய்வோம்?” என்றது குட்டி நரி.

“அப்ப நம்மளோட ஆட இங்க யாருடா இருக்கப் போறா?” என்று மடுவில் காலை நனைத்தது பெரிய நரி.

இந்த முறை மழை சீக்கிரம் வரவில்லை. நீர்நாய்க் குடும்பம் தொலைவிலிருந்த ஆற்றைத் தேடிப் புறப்பட்டது. வழியெல்லாம் வெறும் மணல்.

“அம்மா, இதுல ஒண்ணைக் குடுத்தா தண்ணி தருவாங்களா?” என்றது கடைசிக் குட்டி.

நீர்நாய் கையை விரித்தது. காற்றில் இறகுகள் வெள்ளை மீன்கூட்டம் போல மணலின் மேல் நீந்திப் போயின. குட்டிகள் அவற்றைப் பிடிக்க ஓடின.

நாளைக்கென்று எத்தனை வாய்ப்பைச் சேர்த்து வைத்தாலும், இன்றைக்கு வேண்டியதை விட்டுக்கொடுத்தவரிடம் அந்த நாள் வந்து சேர்வதில்லை.