பெட்டிக்குள் இருந்த மாமனார்

“பெட்டி புதுசு, ஒயர் புதுசு, டிவி புதுசு. படம் மட்டும் வரமாட்டேங்குது அம்மிணி” என்றார் குழந்தைவேலு.

பெனசீர் தலை நிமிரவில்லை. ஈரோட்டில் ஒரு கம்ப்யூட்டர் கடையின் மாடியில், செத்துப்போன டிஸ்க்குகளுக்கு உயிர் கொடுப்பவள் அவள். வயது இருபத்தாறு. குழந்தைவேலுவுக்கு ஐம்பத்து நான்கு. ஆனாலும் ஒரு மாதமாக அவள்தான் அவருக்குக் குரு.

அவர் வீட்டுக்குள்ளேயே ஒரு சினிமாக் கொட்டகை கட்டிக்கொண்டிருந்தார். இரண்டு டிஸ்க் போட்ட ஸ்டோரேஜ் பெட்டி ஒன்று வாங்கி, இருந்த வீடியோக்களை எல்லாம் அதில் ஏற்றி, அவற்றை எடுத்து டிவிக்கு அனுப்பும் மீடியா சர்வர் என்ற புரோகிராமையும் அதிலேயே நிறுவியாகிவிட்டது. ரிமோட்டை அழுத்தினால் படங்கள் வரிசைகட்டி நிற்க வேண்டும்.

‘இங்கே எதுவும் இல்லை’ என்றது டிவி.

“லேப்டாப்ல பாத்தா எல்லாம் அப்படியே இருக்குது” என்றார்.

“லேப்டாப்ல யாரா போய்ப் பாக்கறீங்க சார்?”

“நானாத்தான்.”

“டிவிக்காக யாரு போய்ப் பாக்கறாங்க?”

சொல்லிவிட்டு அவள் தன் வேலைக்குத் திரும்பிக்கொண்டாள். குழந்தைவேலு கும்பிட்டுவிட்டுப் படியிறங்கினார். இது ஏதோ வேதாந்தம் என்று பட்டது. நான் யார், நான் யார் என்று கேட்டுக்கொண்டே சிக்னல் வரை போனவர், வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார்.

இந்த முறை விஷயத்தை முழுதாகச் சொன்னார்.

இன்று அவருக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருடம். மனைவி தெய்வானை தன் தங்கைகள் இருவரையும் அழைத்துவர பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருக்கிறாள். கல்யாணமான எட்டாவது மாதம் மாமனார் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் குரல் இருந்தது கல்யாண வீடியோ கேசட்டில் மட்டும்தான். அதுவும் பூஞ்சை பிடித்துக் கிடந்தது. அதைத்தான் யாருக்கும் தெரியாமல் கழுவி, கம்ப்யூட்டர் வீடியோவாக மாற்றி, பெட்டிக்குள் ஏற்றி வைத்திருக்கிறார்.

“நாலு மணிக்கு வந்துருவாங்க.”

மணி மூன்றேகால்.

பெனசீர் ஹெல்மெட்டை எடுத்தாள்.

குழந்தைவேலு முன்னால் பறந்தார். வீட்டுக்குள் நுழைந்து விளக்கைப் போட்டு, மின்விசிறியைப் போட்டு, டிவியையும் போட்டார். வாசலில் மணி அடித்தது.

“வாங்க அம்மிணி, உள்ள வாங்க” என்று குரல் கொடுத்தார்.

யாரும் வரவில்லை.

“அட, நம்ம வீடுதான், வாங்க.”

மறுபடியும் மணி அடித்தது.

வெளியே வந்து பார்த்தார். கேட்டுக்கு அப்பால் பெனசீர் ஹெல்மெட்டோடு நின்றுகொண்டிருந்தாள். கேட் பூட்டியிருந்தது.

சர்க்கரை ஆலையில் முப்பது வருடம் ஸ்டோர் கீப்பர். ஒரு கதவைத் தாண்டினால் கை தானாகப் பின்னால் போய்ப் பூட்டிவிடும். கேட்டுக்கு இரண்டு சாவி உண்டு. ஒன்று தொலைந்தால் இன்னொன்று வேண்டுமே என்று இரண்டையும் ஒரே வளையத்தில் கோத்து இடுப்பில் சொருகியிருந்தார்.

“வாங்கன்னு ரெண்டு தடவை சொல்லிட்டீங்க சார்” என்றாள்.

சாவியை எடுக்கப் போன கை அப்படியே நின்றது.

மச்சான் ஒருமுறை கம்ப்யூட்டரில் கிரிக்கெட் மேட்சைப் பதிய இடம் வேண்டுமென்று கொடைக்கானல் வீடியோவை அழித்துத் தொலைத்தான். அன்றிலிருந்து எந்த ஃபோல்டரும் குழந்தைவேலு என்ற பெயருக்கு மட்டும்தான் திறக்கும்.

“டிவிக்காகப் போய்ப் பாக்கறது சர்வர்” என்றார் மெதுவாக. “அதுக்குன்னு தனியா ஒரு பேரு இருக்குதுங்களா?”

“இருக்கு சார்.”

“அந்தப் பேரை நான் உள்ளயே விடலையே!”

திரும்பி ஓடினார். லேப்டாப்பைத் திறந்தார். அனுமதிப் பட்டியலில், இத்தனை நாள் அவர் கண்ணில் படாத ஒரு பெயர் சர்வருக்கென்று இருந்தது. அதற்கு நேரே ‘பார்க்க மட்டும்’ என்ற கட்டத்தில் டிக் போட்டார். பார்க்கலாம், அழிக்க முடியாது.

டிவியில் ஒரு படம் முளைத்தது. பிறகு ஏழு. பிறகு திரை கொள்ளவில்லை. குழந்தைவேலு சின்னப்பிள்ளை போலக் கைதட்டினார். கல்யாண வீடியோவைத் தேடிப்பிடித்து அழுத்தினார், சத்தத்தை முழுக்கக் கூட்டினார்.

படம் மங்கல்தான். குரல் கணீரென்று இருந்தது. பந்தியில் இலை இலையாகப் பார்த்துக்கொண்டே வந்த மாமனார், மணப்பெண்ணிடம் நின்று குனிந்தார்.

“தெய்வான, சாப்பிட்டியா கண்ணு?”

வாசலில் ஆட்டோ நிற்கும் சத்தம் கேட்டது. அப்போதுதான் அவருக்குப் பூட்டின கேட் ஞாபகம் வந்தது.

ஓடினார். கேட்டுக்கு வெளியே பெனசீர். அவள் பக்கத்தில் பைகளோடு இரண்டு தங்கைகள். முன்னால், கம்பியைப் பிடித்தபடி தெய்வானை. அவள் அவரைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்தாள்.

“இன்னும் இல்லீங்கப்பா” என்றாள்.

குழந்தைவேலு சாவியை எடுத்துப் பூட்டில் நுழைத்தார். மூன்றாவது முயற்சியில்தான் பூட்டு திறந்தது. அக்கா தங்கைகள் மூவரும் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடினார்கள்.

“குருவே, இன்னும் யாருக்காச்சும் அனுமதி கொடுக்கணுங்களா?”

பெனசீர் உள்ளே ஓடிய தெய்வானையைப் பார்த்தாள், பிறகு அவர் கையைப் பார்த்தாள்.

“அந்த வளையத்துல இன்னொரு சாவி இருக்குது போல சார்.”