பேஸ்மெண்ட் புலியில் நான் வாங்கின அடி

சாலிகிராமத்துல இறங்கி 'கராத்தே சிங்காரம் வீடு எது'ன்னு கேட்டீங்கன்னா தெரு நாய் கூட முன்னால நடந்து வழி காட்டும். அப்படி ஒரு பேரு எனக்கு. முப்பது வருஷமா நானே சொல்லிச் சொல்லி வளர்த்த பேரு. சினிமாவுல ஃபைட்டரா இருந்தவன் நான். டீக்கடையில அஞ்சு பேரை அடிச்சேன்னு சொல்லுவேன், சலூனுக்குப் போறதுக்குள்ள அது ஒம்பது பேரா ஆயிருக்கும். ஒரு தடவை அந்தக் கதையை வேற யாரோ என்கிட்டயே வந்து சொன்னான். பதினாலு பேரு. நானே ஆச்சரியப்பட்டுக் கேட்டேன்.

அந்தப் பேருதான் போன ஞாயித்துக்கிழமை என் கழுத்தைப் பிடிச்சுது. எம்பையன் கோகுலனுக்கு ஒரு பொண்ணு பிடிச்சுப்போச்சு. தாரணின்னு பேரு, ரெண்டு பேரும் ஒரே ஆபீசு. பொண்ணுக்கு சொந்த ஊரு அரக்கோணம். ஜாதகம் கூட பொருந்தி வந்துடுச்சு. அந்த நேரம் பார்த்து பொண்ணோட தாய்மாமன் புண்ணியகோட்டி செல்போன்ல என் பழைய படம் ஒண்ணைப் பார்த்துத் தொலைச்சுட்டாரு. படம் பேரு 'பேஸ்மெண்ட் புலி'. அதுல நான் வாயில ரத்தம் ஒழுக, கையில சைக்கிள் செயினைச் சுத்திக்கிட்டு சிரிக்கிறேன். "ரவுடி வீட்டுக்குப் பொண்ணு குடுக்கறதா"ன்னு ஒரே பிடியா நின்னுட்டாரு. பையன் ரெண்டு நாளா சோத்துல கை வெக்கல.

கடைசியா, நேர்ல ஒரு தடவை பார்த்துட்டு முடிவு சொல்றோம்னு காலையில பதினோரு மணிக்கு வந்து இறங்கினாங்க. மூணு பேரு. பொண்ணோட அப்பா ஏழுமலை, பஸ்ல டிக்கெட் செக்கிங் இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டையர் ஆனவரு. அம்மா அஞ்சலை, வாயே தொறக்கல. அப்புறம் தாய்மாமன், செல்போனைக் கையிலயே வெச்சுக்கிட்டு.

என் வீட்டுக்காரி வனஜா சமையல்கட்டுக்கு இழுத்துட்டுப் போயி சொன்னா: "நீ வாயத் தொறக்காதய்யா. தொறந்தாலும் அவனை அடிச்சேன் இவனை அடிச்சேன்னு ஆரம்பிச்சுடாத. பையன் வாழ்க்கை."

நான் என்ன பண்றது சொல்லுங்க. வாயின்னு ஒண்ணு இருந்தா அது பெருமை பேசியே தீரும். அடிச்சதைப் பேசக் கூடாதுன்னா வாங்கினதைத்தான் பேசணும். சரின்னு கேசரித் தட்டை அவங்க முன்னாடி வெச்சுட்டு ஆரம்பிச்சேன்.

"இன்ஸ்பெக்டர் சார், இருநூத்தி பன்னெண்டு படத்துல சண்டை போட்டிருக்கேன். ஒரு சண்டையில ஜெயிச்சிருக்கேன்னு எவனாவது சொன்னா, மீசையை எடுத்துடறேன்."

"ஒண்ணுல கூடவா?"ன்னாரு புண்ணியகோட்டி.

"ஒத்திகையில கூட இல்லைங்க. இந்த இண்டஸ்ட்ரியில என்னை மாதிரி அடி வாங்க ஆள் கிடையாது. அடிக்கறது யாரு வேணா அடிப்பான். வாங்கறதுதான் வித்தை."

அவரு கேசரியைத் தொடல. நான் 'பேஸ்மெண்ட் புலி' கதைக்கே போயிட்டேன்.

அந்தப் படம் முழுக்க பாதாளச் சண்டை. அதாவது போலீசுக்குத் தெரியாம பூமிக்கு அடியில பணக்காரங்க பந்தயம் கட்டி ஆளை மோத விடுவாங்க. நாங்க எடுத்தது விருகம்பாக்கத்துல பாதி கட்டி நின்னு போன ஒரு கல்யாண மண்டபத்துக்கு அடியில கார் நிறுத்துற இடத்துல. தயாரிப்பாளர் மொசைக் கல்லு வியாபாரி. அவரோட மச்சான்தான் ஹீரோ. மச்சானுக்கு ஆசை மலையளவு, காலு மட்டும் முட்டிக்கு மேல வராது. உதைக்கத் தூக்கினா பாதி வழியிலயே நின்னுடும். எதிராளி மூஞ்சியில உதைக்கணும், என்ன பண்றது? ஸ்டண்ட் மாஸ்டர் என்னைப் பார்த்தாரு. நானே ஓடிப் போயி, குனிஞ்சு, என் மூஞ்சியை அவரு காலுக்கு நேரா கொண்டு போய்க் குடுத்துட்டு, அங்கேருந்து பின்னால பறப்பேன்.

"குனிஞ்சு போய் உதை வாங்கினீங்களா?"ன்னாரு ஏழுமலை.

"மரியாதை சார். ஹீரோவாச்சே."

அவரு மீசைக்குள்ள லேசா சிரிச்சாரு. அது போதும் எனக்கு. கெளம்பற வண்டிக்குப் பச்சைக்கொடி காட்டின மாதிரி.

"எங்க தொழில்ல நாலு இஞ்ச் கணக்குன்னு ஒண்ணு உண்டு சார். குத்து மூஞ்சிக்கு நாலு இஞ்ச் தள்ளி நின்னுடணும், நாங்க பட்ட மாதிரி விழணும். அதுக்குப் பேரு ரியாக்‌ஷன். மத்த ஃபைட்டருங்க நாலு இஞ்சுல விழுவாங்க. நான் பழகிப் பழகி நாலு அடியில விழ ஆரம்பிச்சேன். ஒரு நாள் ஹீரோ மேக்கப் ரூம்ல கண்ணாடி முன்னாடி சும்மா கையை வீசிப் பார்த்திருக்காரு. நான் அந்த நேரம் வெளியில டீக்கடையில. கிளாசோட பின்னால பறந்து போயி பக்கத்துக் கடை இஸ்திரிப் பெட்டி மேல விழுந்தேன்."

"அப்ப சூடா இருந்திருக்குமே"ன்னாரு புண்ணியகோட்டி.

"டீயா, இஸ்திரிப் பெட்டியா?"

நான் விடல.

"அது கூட பரவால்ல. வேற ஒரு படத்துல ஹீரோவுக்கு ஊட்டியில சண்டை. எங்களைக் கூட்டிட்டுப் போக வசதியில்ல. அவரு அங்க மலை மேல நின்னு குத்துனாரு. எனக்கு போன் வந்துது, 'சிங்காரம், இப்ப குத்தறாரு'ன்னு. இங்க வடபழனி பஸ் ஸ்டாண்டு பக்கத்துல நான் விழுந்தேன். ரெண்டையும் ஒட்டி ஒரே சீனாக்கிட்டாங்க. படம் பார்த்தவன் எவனுக்கும் சந்தேகம் வரல, பின்னாடி ஒரு நாப்பத்தேழு நம்பர் பஸ் போறதைத் தவிர."

இங்க ஒரு தப்பு பண்ணிட்டேன். ஏழுமலை நிமிர்ந்து உக்காந்துட்டாரு. "நாப்பத்தேழு அந்தப் பக்கம் எந்த வருஷம் போச்சு?"ன்னு கேட்டாரு. பஸ்காரர்கிட்ட பஸ் நம்பர் சொன்ன முட்டாள் நான் ஒருத்தன்தான். "அடி வாங்கி தலைகீழா விழுந்து கிடந்தேன் சார், அது எழுபத்தி நாலாம் நம்பரா கூட இருந்திருக்கும்"னு சமாளிச்சேன். கதவோரமா நின்ன கோகுலன் தலையில கை வெச்சுக்கிட்டான்.

புண்ணியகோட்டி செல்போனை எடுத்துட்டாரு. "அதெல்லாம் இருக்கட்டும். இந்தப் படத்துல அந்தச் சீனாக்காரன் ஒருத்தன் வர்றானே, அவனை அப்படி மிதிக்கறாங்களே. அவன் யாரு?"

"நான்தாங்க."

"அந்த லுங்கி கட்டின தாய்லாந்துக்காரன்?"

"நான்தான். லுங்கியும் என்னுதுதான்."

"தாடி வெச்ச ஆப்கானிஸ்தான் ஆளு?"

"அது மட்டும் என் தாடி இல்லைங்க. டைரக்டரோட மாமனார் தலையில வெச்சிருந்த விக்கைத் திருப்பிப் போட்டது."

விஷயம் என்னன்னா, கதைப்படி பதினேழு நாட்டு வீரருங்க அந்தப் பாதாளத்துல மோத வர்றாங்க. வந்த ஃபைட்டருங்க மூணாம் நாளு சாப்பாடு சரியில்லைன்னு கெளம்பிப் போயிட்டாங்க. சாம்பாரைப் பத்திக் குறை சொல்லத் தெரியாம நான் ஒருத்தன் மட்டும் நின்னேன். அதனால பதினேழு பேரும் நானே. சீன மீசை கறுப்பு நூல்ல. ஆப்பிரிக்கா வீரனுக்கு முழுசா மை பூச நேரமில்லாம வலது பக்கம் மட்டும் பூசினாங்க, அதனால அந்தச் சண்டை முழுக்க நான் கேமராவுக்கு இடது பக்கத்தைக் காட்டவே இல்ல. செத்துப் போன வீரனுக்காக பழிவாங்க வர்ற தம்பியும் நான். அந்தத் தம்பியைத் தடுத்து அழற அம்மாவும் நான், வனஜாவோட பச்சைப் புடவையில. அந்தப் புடவையை இன்னிக்கும் அவ எடுத்துக் கட்டமாட்டேங்கறா.

"பந்தயம் கட்டி கத்தறாங்களே ஒரு கூட்டம், அவங்களாவது வேற ஆளா?"ன்னாரு ஏழுமலை.

"முன் வரிசை முழுக்க நான்தான் சார். உத்துப் பாருங்க. நடுவுல சீனாக்காரனா நான் மிதி வாங்கறேன், பின்னால நான் கை தட்டறேன். இந்த உலகத்துல தன்னை மிதிக்கறதுக்குத் தானே விசிலடிச்சவன் நான் ஒருத்தன்தான்."

சொல்லி முடிச்ச சூட்டுல, கேட்காமலே அடுத்ததுக்குப் போயிட்டேன். "அரையிறுதியில பாருங்க சார், சீட்டு குலுக்கிப் போட்டதுல ஒம்பதாம் நம்பருக்கும் பன்னெண்டாம் நம்பருக்கும் மோதல். ரெண்டும் நான். என்னோட நானே சண்டை போட்டேன். தோத்துட்டேன்."

புண்ணியகோட்டி செல்போனைக் கீழ வெச்சாரு. வெச்சுட்டு மெதுவா கேட்டாரு. "ரெண்டு பேருல ஒருத்தர் தோத்தா, இன்னொருத்தர் ஜெயிச்சுத்தானே ஆகணும்?"

வனஜா சமையல்கட்டு வாசல்ல நின்னு என்னைப் பார்த்த பார்வையில, இருநூத்தி பன்னெண்டு படத்துல வாங்காத அடி இருந்துது. வாயைக் குடுத்து மாட்டிக்கறதுன்னா இதுதான். ஒரு சண்டையில ஜெயிச்சவன்னு ஆயிட்டா நான் ரவுடி, கோகுலன் ரவுடி மகன்.

"அங்கதான் சார் என் தொழில் சுத்தம்"னு சொன்னேன். "ரெண்டு பேரும் ஒரே நேரத்துல குத்துனோம். ரெண்டு பேருக்கும் விழற பழக்கம்தானே, ஒரே நேரத்துல விழுந்துட்டோம். பத்து எண்றதுக்குள்ள யாரு எழுந்திருக்கறானோ அவன் ஜெயிச்சவன். ஆனா பாருங்க, எண்ற நடுவரும் நான்தான். நான் கீழ கிடக்கேன். எண்ண ஆளில்லை. இன்னிக்கு வரைக்கும் அந்தச் சண்டைக்கு முடிவு அறிவிக்கல."

ஏழுமலை இருமினாரு. இருமலா சிரிப்பான்னு சொல்ல முடியல.

"அந்த ரெண்டு பேரும் விழுந்த வேகம் இருக்கே சார், தரை ஒரு ஆள் உயரம் உள்ள போயிடுச்சு. அதுக்குள்ளேருந்து தண்ணி பீச்சி அடிச்சுது. கோடைக்காலம். தெருவே குடத்தோட வரிசையில நின்னுது. அந்தத் தெருவுல இன்னிக்கும் யாரும் லாரித் தண்ணி வாங்கறதில்லை. கார்ப்பரேஷன்ல என்னைக் கூப்பிட்டு, வார்டுக்கு ஒரு எடத்துல வந்து விழ முடியுமான்னு கேட்டாங்க."

"சரிதான்"னு சொன்ன புண்ணியகோட்டி, செல்போனை மறுபடியும் எடுத்து, படத்தை எங்கயோ ஒரு எடத்துல நிறுத்தி, என் மூஞ்சிக்கு நேரா நீட்டினாரு. "அப்ப இது என்னாங்க?"

அது அந்த சைக்கிள் செயின் சீன். நான் கையை ஓங்கறேன். ஹீரோ மூஞ்சியைப் பிடிச்சுக்கிட்டு விழறாரு. நடிப்பு இல்லை அது. யாரு பார்த்தாலும் தெரியும்.

எனக்குப் பொய்யே வரல. நானும் தேடிப் பார்த்தேன், ஒண்ணு கூட கைக்கு வரல. அதனால நடந்ததைச் சொன்னேன்.

"அது பட்டுடுச்சுங்க. நாலு இஞ்ச் தள்ளித்தான் விட்டேன், அவரு ஒரு எட்டு முன்னால வந்துட்டாரு. முன் பல்லு ஒண்ணு போயிடுச்சு. சின்னப் பிள்ளை மாதிரி அழுதாரு. நான் பக்கத்துல உக்காந்து ஐஸ் வெச்சேன், அவரை விட நான்தான் அதிகம் அழுதேன். அந்த சீனைத் திரும்ப எடுக்க வழியில்லாம அதையே படத்துல வெச்சுட்டாங்க. அன்னிலேருந்து எனக்குக் கை ஓங்கவே பயம். அதுக்கப்புறம் ஏழு மாசத்துல இவன் பொறந்தான். இவனை வளர்த்து ஆளாக்கினதுல ஒரு தடவை கூட இவன் மேல கை வெச்சதில்ல. வெக்கத் தெரியாம இல்ல. பட்டுடுமோன்னு பயம்."

புண்ணியகோட்டி தலையை ஆட்டினாரு. "ஊட்டியில குத்தி வடபழனியில விழுந்ததைக் கூட நம்பிடலாம். புள்ளைய அடிக்காத அப்பனா? எங்கூர்ல அப்படி ஒருத்தன் கிடையாது."

நான் சொன்ன ஒரே நிஜத்தைத்தான் மனுஷன் பொய்னு தள்ளுறாரு. கோகுலனைப் பார்த்தேன். அவன் கதவைப் பிடிச்சுக்கிட்டு தரையைப் பார்த்து நிக்கறான், கண்ணு கலங்கிப் போயி. காரியம் கெட்டுப்போச்சுன்னு முடிவு பண்ணி, போற உயிரைப் பிடிக்கற மாதிரி, "இன்னொண்ணு கேளுங்க சார், ஒரு தடவை ஹெலிகாப்டர்லேருந்து விழுந்தேன், பணம் பத்தாம ஹெலிகாப்டரும் நானே"ன்னு ஆரம்பிச்சேன்.

"போதுங்க"ன்னு ஒரு குரல்.

அஞ்சலை அம்மா. வந்ததுலேருந்து அந்தம்மா பேசின மொத வார்த்தை. கேசரித் தட்டை எடுத்து தம்பி கையில குடுத்து "துன்னு"ன்னாங்க. புண்ணியகோட்டி மறுபேச்சு பேசாம வாயில போட்டாரு. அப்புறம் என் பக்கம் திரும்பினாங்க.

"ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைப் பண்ணணும்பாங்க. நானும் வந்ததுலேருந்து எண்ணிக்கினேதான் கீறேன். நாப்பத்தொண்ணு ஆச்சு. புள்ள மேல கை வெச்சதில்லைன்னீங்களே, அதை நான் சேக்கல. மிச்சம் தொள்ளாயிரத்து அம்பத்தொம்பது கீது. நிச்சயதார்த்தத்துக்குள்ள சொல்லி முடிச்சுடுங்க, சம்பந்தி."