தவிட்டுக்குருவிகள் கொண்டுபோன சேதி

குருவி பேசுவது ஆமைக்கும் புரிந்த அந்தக் காலத்தில், தவிட்டுக்குருவி அக்கா தங்கைகள் ஏழு பேரும் ஆளுக்கொரு மரத்தில் தனித்தனியாகக் குடியிருந்தார்கள். சேதி கொண்டுபோவது அவர்கள் வேலை. மூத்தவள் அடுத்த மரத்துத் தங்கையிடம் சொல்வாள், அவள் அதற்கடுத்தவளிடம் சொல்வாள். இப்படி ஏழு மரம் தாண்டிச் சேதி போய்ச் சேரும்.

ஒருநாள் மேற்குக் குளத்து ஆமை மல்லன், கிழக்குக் குளத்தில் தனக்கு நிச்சயம் செய்திருந்த வள்ளைக்குச் சேதி அனுப்பினான்.

"புறப்பட்டுவிட்டேன். மெதுவாகத்தான் வருவேன். காத்திரு."

ஆமை வேறு எப்படி வரும்! ஆனால் வள்ளையின் மாமா ஒரு கெடு வைத்திருந்தார். முதல் மழைக்குள் மாப்பிள்ளை கண்ணில் படாவிட்டால், அவளைப் பாழுங்கிணற்றுக் கிழட்டு ஆமைக்குக் கட்டிக்கொடுத்துவிடுவாராம். வள்ளைக்கு அந்தக் கிழவனைக் கண்டாலே ஆகாது.

மூத்த குருவி சேதியோடு கிளம்பினாள். தங்கை வீட்டுக்கு வெறுங்கையோடு போகலாமா? கோடையில் ஒரு புழுகூட அகப்படவில்லை. சரி, ஒரு சொல்லையாவது கூடக் கொண்டுபோவோம் என்று, "பாவம், நல்ல வெயில்" என்பதையும் சேர்த்துச் சொன்னாள். அடுத்தவள் மட்டும் வெறுங்கையோடு போகிறவளா? அவள் தாகத்தைச் சேர்த்தாள். அதற்கடுத்தவள் தலைசுற்றலை. எல்லாம் பாசத்தில்தான். கடைசித் தங்கை வள்ளையிடம் வந்து நின்றபோது, சேதியில் மல்லன் பாதி வழியில் மல்லாந்து கிடந்தான், மூச்சு மட்டும்தான் மிச்சம்.

வள்ளை ஓவென்று அழுதாள். பிறகு ஒரு சுரைக்குடுக்கைத் தண்ணீரை முதுகில் கட்டிக்கொண்டு, மாமா கூப்பிடக் கூப்பிடத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். மாமாவும் சொந்தபந்தமும் பின்னாலேயே வந்தார்கள்.

பல நாள் நடந்து நடுவழிக்கு வந்தால், அங்கே மல்லன் உதிர்ந்த இலுப்பைப் பூவை மென்றுகொண்டு ஜோராக வருகிறான்! வள்ளைக்கு வந்த கோபத்தில் குடுக்கைத் தண்ணீரை அவன் தலையிலேயே கொட்டினாள்.

மல்லன் சிரித்தான். "நல்லவேளை வந்தாய். நீ அங்கேயே காத்திருந்தால், நான் வருவதற்குள் மழை பெய்து ஓய்ந்திருக்கும்."

அந்த நேரம் பார்த்து முதல் மழைத்துளி மாமாவின் ஓட்டில் விழுந்தது. மாப்பிள்ளை அதற்கு முன்பே கண்ணில் பட்டுவிட்டதால், அவர் கல்யாணத்துக்குத் தலையாட்டினார். கொட்டுகிற மழையில் அங்கேயே கல்யாணம் நடந்தது.

பந்தியில் வள்ளை ஏழு குருவிகளையும் விசாரித்தாள். ஒவ்வொருத்தியும், தான் ஒரே ஒரு சொல்தான் சேர்த்ததாகச் சத்தியம் செய்தாள்.

"உங்கள் புண்ணியத்தில்தான் கல்யாணம் நடந்தது. ஆனாலும் அந்தச் சேதியைக் கேட்டு எனக்குப் பாதி உயிர் போய்விட்டது" என்றாள் வள்ளை. "இனிமேல் ஏழு பேரும் சேர்ந்தே போங்கள். ஒருத்தி கூட்டிச் சொன்னால் மற்றவர்கள் அங்கேயே திருத்துங்கள்."

அன்று முதல்தான் தவிட்டுக்குருவிகள் ஏழு பேராகச் சேர்ந்தே திரிகிறார்கள். ஒருத்தி வாயைத் திறந்தால் போதும், மற்ற ஆறு பேரும் கத்திக் கத்தித் திருத்துகிறார்கள்; சேதி என்னவென்றுதான் இன்றுவரை யாருக்கும் தெரிந்தபாடில்லை.