முப்பிடாதி கேட்ட குரல்

காது கேளாத பிள்ளைகள் பள்ளியில் ஒரு பழைய யூனிக்ஸ் கம்ப்யூட்டர் இருந்தது. பிள்ளைகள் முதன்முதலாகப் பேசிய சொல்லெல்லாம் அதில்தான் பதிந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டவர் சுடலைமணி. அவர் வேலை கற்றது ரெபேக்காவிடம். அவரைவிடச் சின்னவள்தான். ஆனாலும் டீச்சர் என்றே கூப்பிடுவார்.

ஒருநாள் அந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு அவள் ரிப்பேர் கடைக்கு வந்தார்.

"பஸ்ஸுல இதுக்கும் டிக்கெட் போட்டானா, அண்ணே?"

"அரை டிக்கெட்." அவர் சிரிக்கவில்லை. "எந்திரிக்க மாட்டேங்குது, டீச்சர்."

"என்ன செஞ்சீங்க?"

"இடம் பத்தலைன்னு ஒரு பெரிய ஃபைலை அழிச்சேன். அது இல்லாம இது எந்திரிக்காதுன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது."

"அழிச்சதும் நின்னுடுச்சா?"

"இல்ல. அணைக்காத வரைக்கும் ஓடும்ல, பத்து நாள் ஓடிச்சு. நேத்து கரண்டு போச்சு. அதோட சரி."

"அத்தனை நாளும் என்கிட்ட சொல்லல."

"திட்டுவீங்கன்னு…"

ரெபேக்கா திட்டவில்லை. அதே மாதிரி இன்னொரு கம்ப்யூட்டர் அவளிடம் இருந்தது. அதில் ஒரு பிளாப்பியைச் சொருகினாள். பூசணம் பிடித்த பிளாப்பி, அதில் எதுவும் ஏறவில்லை. வேறொன்றைச் சொருகினாள்.

"எந்திரிக்க என்னென்ன வேணுமோ, இதுல ஏத்திக்கணும்."

"இதை எப்ப செஞ்சு வைக்கணும், டீச்சர்?"

அவள் பிளாப்பி சொருகிய இடத்தில் பச்சை விளக்கு மினுங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பிளாப்பியைப் போட்டதும் பள்ளிக் கம்ப்யூட்டர் எழுந்துவிட்டது. அழிந்த ஃபைலையும் அதிலிருந்தே திரும்ப வைத்தாள். சுடலைமணி குனிந்து எதையோ தேடித் தட்டினார்.

"ம்…மா" என்றது ஒரு குழந்தைக் குரல்.

"யாரு இது?"

"முப்பிடாதி மக. தை மாசம் காய்ச்சல்ல போயிட்டா. இந்தக் குரலை ஒருதரம் கேக்கணும்னு அம்மாக்காரி முப்பிடாதி வந்துது. அழிச்சுட்டு நான் பயந்து கிடந்த சமயம். தொட்டா நின்னுடுமோன்னு, ரிப்பேரா இருக்கு, நாளைக்கு வாங்கன்னேன். மறுநாளும் வந்துது. அதையேதான் சொன்னேன்."

"கேக்க வச்சிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது, அண்ணே."

"இப்ப தெரியுது."

"அந்தப் பொண்ணை வரச் சொல்லுங்க."

"உண்மையைச் சொல்லிடலாம்னு காலையில போய்ப் பார்த்தேன். வீட்டைக் காலி பண்ணிட்டுப் போயிடுச்சு. எந்த ஊருன்னு பக்கத்து வீட்டுக்கும் தெரியல."

ரெபேக்கா பிளாப்பியை வெளியே எடுத்தாள். அவர் கையில் வைத்தாள்.

"எப்ப செய்யணும்னு கேட்டீங்கல்ல?"

"ஆமா, டீச்சர்."

"ஓடிக்கிட்டு இருக்கும்போது."